“வீ”ன்னா யாரு? – இங்கிலீஷ் புரோநவுன், ஒரு சின்ன பாடம்



மூணாவது வருஷக் கடைசியில எங்க டிபார்ட்மென்ட்ல மாக் இன்டர்வியூ வெச்சாங்க. நான் எல்.கே.ஜி.யில இருந்தே இங்கிலீஷ் மீடியம். அதனால கிராமர் பத்தி எனக்குப் பயமே இல்ல. “டெல் மீ அபவுட் யுவர் பிராஜெக்ட்”னு கேட்டாங்க. “வீ டிசைன்டு, வீ கோடட், வீ டெஸ்டட்”னு மூணு நிமிஷம் தங்குதடை இல்லாமப் பேசினேன். பேனல்ல இருந்தவர் பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஓகே. வாட் டிட் யூ டூ?”

நான் வாயடைச்சுப் போயிட்டேன். நாலு பேர் டீம்ல நான் செஞ்சது ரிப்போர்ட்டும் பி.பி.டி.யும் மட்டும்தான். கோட் முழுக்க எழுதினது இன்னொருத்தன். பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில தமிழ் மீடியத்துல படிச்சவன். அடுத்து அவன் உள்ள போனான். அவனும் “வீ, வீ”ன்னே சொல்லிட்டு வந்துட்டான். ‘நான்தான் செஞ்சேன்’னு சொல்றது தற்பெருமை மாதிரி இருக்கும்னு அவனுக்குத் தயக்கம். ஒரே “வீ” என் சோம்பலையும் மறைச்சுது, அவன் உழைப்பையும் மறைச்சுது.

அன்னைக்குத்தான் புரோநவுனை மறுபடியும் முதல்ல இருந்து படிச்சேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. பிளேஸ்மென்ட் சீசன் வரப்போகுது, உங்களுக்கும் உதவும். உதாரண வாக்கியங்களை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.

புரோநவுன்னா என்ன?

ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பதிலா வர்ற சொல். நம்ம பாடப்புத்தகங்கள்ல பிரதிப்பெயர்ச்சொல்னு போட்டிருப்பாங்க. “ரவி வந்தான். ரவி ரவியோட பையை ரவியோட மேஜை மேல வெச்சான்”னு யாரும் பேச மாட்டோம். முதல் தடவை பேரைச் சொல்லிட்டு, அடுத்து ‘அவன்’, ‘தன்’னு போயிடுவோம்.

நம்ம பாஷையில சொன்னா, புரோநவுன் சி புரோகிராம்ல வர்ற பாயின்டர் மாதிரி. அது வேற எதையோ சுட்டும். அது சுட்டுற பெயருக்கு இங்கிலீஷ் இலக்கணத்துல ஆன்டிசீடன்ட்னு பேர். எதைச் சுட்டுதுன்னு தெளிவா இல்லாத பாயின்டர் என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும்.

இந்த லேப் குறிப்பைப் பாருங்க: “கனெக்ட் த சென்சார் டு த போர்டு. இஃப் இட் கெட்ஸ் ஹாட், டிஸ்கனெக்ட் இட்.” எது சூடானா? சென்சாரா, போர்டா? கழட்ட வேண்டியது எது? எழுதினவருக்குத் தெரியும், படிக்கிறவருக்குத் தெரியாது. “இஃப் த போர்டு கெட்ஸ் ஹாட்”னு பேரையே திரும்பச் சொல்லிட்டா பிரச்சினை முடிஞ்சது. சந்தேகம் வர்ற இடத்துல பெயரையே எழுதுங்க. இதுதான் முதல் விதி.

இன்னொரு அடிப்படை வித்தியாசம். தமிழ்ல ‘வந்தேன்’னு சொன்னாலே போதும். ‘ஏன்’ங்கற விகுதியே ‘நான்’னு சொல்லிடுது. இங்கிலீஷ்ல “கேம்”னு மட்டும் சொன்னா யார் வந்தாங்கன்னே தெரியாது. ஐ கேம், ஹீ கேம், தே கேம், எல்லாத்துக்கும் ஒரே “கேம்”தான். அதனால அங்க புரோநவுனை விடவே முடியாது.

1. பெர்சனல் புரோநவுன்

தமிழ் இலக்கணத்துல தன்மை, முன்னிலை, படர்க்கைன்னு படிச்சோமே, அதேதான். ஒவ்வொண்ணுக்கும் எழுவாயா வரும்போது ஒரு வடிவம், செயப்படுபொருளா வரும்போது ஒரு வடிவம்:

நான் – என்னை: ஐ – மீ
நாம், நாங்கள் – நம்மை, எங்களை: வீ – அஸ்
நீ, நீங்கள் – உன்னை, உங்களை: யூ – யூ
அவன் – அவனை: ஹீ – ஹிம்
அவள் – அவளை: ஷீ – ஹெர்
அது – அதை: இட் – இட்
அவர்கள், அவை – அவர்களை, அவற்றை: தே – தெம்

இதுல நாம வழக்கமா சறுக்குற இடங்கள் நாலு.

முதலாவது, “சார் கால்டு ரவி அண்ட் ஐ.” மரியாதையா இருக்கும்னு “ஐ” போட்டுடறோம். இதுக்கு ஒரு சுலபமான சோதனை: கூட இருக்கிற ஆளைத் தூக்கிடுங்க. “சார் கால்டு ஐ”னு யாராவது சொல்வாங்களா? “சார் கால்டு மீ”தான். அப்போ “சார் கால்டு ரவி அண்ட் மீ”தான் சரி. அதே மாதிரி “பிட்வீன் யூ அண்ட் மீ”. ‘பிட்வீன்’, ‘வித்’, ‘ஃபார்’ மாதிரி சொற்களுக்குப் பின்னால செயப்படுபொருள் வடிவம்தான் வரும்.

இரண்டாவது, “மேடம் வந்தாங்க”ங்கறதை அப்படியே “மேடம் கேம், தே டோல்டு மீ”ன்னு மாத்தறது. தமிழ்ல ‘அவங்க’ பன்மையும் ஆகும், ஒருத்தருக்குக் கொடுக்கிற மரியாதையும் ஆகும். இங்கிலீஷ் “தே”யில அந்த மரியாதை கிடையாது. கேட்கிறவர் மேடம்கூட வேற யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சுக்குவார். “ஷீ டோல்டு மீ”ன்னே சொல்லுங்க, அதுல அவமரியாதை ஒண்ணும் இல்ல. ஒரு காலத்துல இங்கிலீஷ்லயும் ‘நீ’, ‘நீங்கள்’ வித்தியாசம் இருந்தது. ‘நீ’க்கு “தௌ”ன்னு தனிச் சொல். மரியாதைக்கு “யூ” போட ஆரம்பிச்சு, கடைசியில பொதுப் பேச்சுல எல்லாருக்குமே “யூ”ன்னு ஆயிடுச்சு. இன்னைக்கு மரியாதையைப் புரோநவுன்ல காட்ட முடியாது. “குட் யூ”, “பிளீஸ்”, “சார்”, “மேடம்”னு மத்த சொற்கள்லதான் காட்டணும்.

மூணாவது, சும்மா நிக்கிற “இட்”. ‘மழை பெய்யுது’, ‘மணி அஞ்சு’, ‘கஷ்டமா இருக்கு’ – தமிழ்ல இதுல எல்லாம் ‘அது’ கிடையாது. ஆனா இங்கிலீஷ்ல எழுவாய் இடம் காலியா இருக்கக் கூடாது. அதனால “இட் இஸ் ரெயினிங்”, “இட் இஸ் ஃபைவ் ஓ கிளாக்”. இந்த “இட்” எதையும் சுட்டாது. சீட் காலியா இருக்கக் கூடாதுன்னு துண்டு போட்டு வெச்ச மாதிரி.

நாலாவது, “ரவி கேவ் குமார் ஹிஸ் புக்.” யாரோட புத்தகம்? ரவியோடதா, குமாரோடதா? இங்கிலீஷ்ல இதுக்கு விடையே இல்ல. தமிழ்ல ‘ரவி குமாரிடம் தன் புத்தகத்தைக் கொடுத்தான்’னா அது ரவியோடது. ‘அவன் புத்தகத்தை’ன்னா வேற ஆளோடது. ‘தன்’ எழுவாயைச் சுட்டிடுது. அந்த வசதி “ஹிஸ்”ல இல்லாததால, நாமதான் வாக்கியத்தை மாத்தி எழுதணும்.

2. பொசசிவ் புரோநவுன்

உடைமையைச் சொல்றது. மைன், அவுர்ஸ், யுவர்ஸ், ஹிஸ், ஹெர்ஸ், தேர்ஸ். “மை”, “அவுர்”, “யுவர்” மாதிரி சொற்களுக்குப் பின்னால பெயர் கட்டாயம் வரும்: “மை கோட்”. “மைன்” தனியா நிக்கும்: “த கோட் இஸ் மைன்.” ‘என்’ – ‘என்னுடையது’ வித்தியாசம்தான். “மை” வகையைப் பள்ளிப் புத்தகங்கள் பொசசிவ் அட்ஜெக்டிவ்னு சொல்லும், இப்போதைய இலக்கண நூல்கள் டிட்டர்மினர்னு சொல்லும். பேர் எதுவானாலும் வேலை ஒண்ணுதான்.

இங்க ஒரு பெரிய பள்ளம், “இட்ஸ்”. காதுக்கு ஒரே ஒலி, எழுத்துல ரெண்டு. மேல அப்பாஸ்ட்ரஃபி குறி போட்டா ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’னு அர்த்தம். குறி இல்லாம எழுதினா ‘அதனுடைய’. பெயர்ச்சொல்லுக்கு உடைமை காட்ட அப்பாஸ்ட்ரஃபி போடறோம், அதனால இங்கயும் கை தானா போகும். ஆனா ஹெர்ஸ், அவுர்ஸ், தேர்ஸ் எதுக்குமே அப்பாஸ்ட்ரஃபி கிடையாது. “இட்ஸ்” அந்தக் குடும்பம். சோதனை: அந்த இடத்துல “இட் இஸ்”னு போட்டுப் படிங்க. பொருந்தினா குறி போடுங்க, பொருந்தலைன்னா வேண்டாம். ரெஸ்யூம் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை இதை மட்டும் தேடிப் பாருங்க.

3. ரிஃப்ளெக்சிவ், எம்ஃபேட்டிக்

மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், அவுர்செல்வ்ஸ், யுவர்செல்வ்ஸ், தெம்செல்வ்ஸ். ‘ஹிஸ்செல்ஃப்’, ‘தேர்செல்வ்ஸ்’னு எல்லாம் எழுத்து இங்கிலீஷ்ல கிடையாது. ஒரு சுவாரஸ்யம்: “யூ” ஒருமையா பன்மையான்னு சொல்லாது. ஆனா “யுவர்செல்ஃப்”, “யுவர்செல்வ்ஸ்” சொல்லிடும்.

இதுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, செய்றவரும் செயலுக்கு உள்ளாகிறவரும் ஒரே ஆளா இருக்கிறது: “ஐ இன்ட்ரொட்யூஸ்டு மைசெல்ஃப்” – என்னை நானே அறிமுகப்படுத்திக்கிட்டேன். இது ரிஃப்ளெக்சிவ். இன்னொண்ணு, அழுத்தம் கொடுக்கிறது: “ஐ ரோட் த கோட் மைசெல்ஃப்” – கோடை நானே எழுதினேன். இது எம்ஃபேட்டிக். நம்ம ‘ஏ’ இருக்கே, அதேதான். எது எதுன்னு கண்டுபிடிக்க அந்தச் சொல்லை எடுத்துட்டுப் பாருங்க. “ஐ ரோட் த கோட்” முழுசா நிக்குது, அதனால எம்ஃபேட்டிக். “ஐ இன்ட்ரொட்யூஸ்டு” பாதியில நிக்குது, அதனால ரிஃப்ளெக்சிவ்.

இப்போ நம்ம ஊர் ஸ்பெஷலுக்கு வருவோம்: “மைசெல்ஃப் குமார்.” நானும் பல வருஷம் இப்படித்தான் சொன்னேன். “மைசெல்ஃப்” தனியா எழுவாயா நிக்காது. முன்னால “ஐ” இருந்தாத்தான் அது திரும்பிச் சுட்ட முடியும். “ஐ ஆம் குமார்” அல்லது “மை நேம் இஸ் குமார்”. அவ்வளவுதான்.

4. டெமான்ஸ்ட்ரேட்டிவ்

திஸ், தட், தீஸ், தோஸ். நம்ம சுட்டுப்பெயர்கள்: இது, அது, இவை, அவை. இது நமக்கு ரொம்ப ஈஸி. ரிப்போர்ட்ல மட்டும் கவனம் வேணும். நாலு வரி விளக்கிட்டு “திஸ் காசஸ் எரர்”னு எழுதுவோம். எது? வோல்டேஜா, கனெக்‌ஷனா, தாமதமா? “திஸ் டிலே”, “திஸ் வோல்டேஜ் டிராப்”னு ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்துடுங்க. கைடு சிவப்பு மையில போடற கேள்விக்குறிகள்ல பாதி குறைஞ்சிடும்.

5. இன்டராகேட்டிவ், ரிலேட்டிவ்

கேள்வி கேட்க வர்ற ஹூ, ஹூம், ஹூஸ், விச், வாட் எல்லாம் இன்டராகேட்டிவ். ஹூவா ஹூமான்னு குழப்பம் வந்தா பதிலை யோசிங்க. பதில் ‘ஹீ’ன்னா “ஹூ”. பதில் ‘ஹிம்’னா “ஹூம்”. ரெண்டும் ‘ம்’ல முடியுதுன்னு ஞாபகம் வெச்சுக்கலாம். பேச்சுல பெரும்பாலும் “ஹூ”வே போதும். ‘டு’, ‘வித்’ மாதிரி சொல்லுக்கு நேர் பின்னால வந்தா “ஹூம்”.

இதே சொற்கள்ல ஹூ, ஹூம், ஹூஸ், விச், கூடவே தட், ரெண்டு வாக்கியங்களை இணைக்க வந்தா ரிலேட்டிவ். தமிழ்ல இந்த வேலையைப் பெயரெச்சம் செய்யுது: ‘நேத்து வந்த பையன்’. தனிச் சொல்லே வேண்டாம். இங்கிலீஷ்ல “த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே”. நமக்குப் பழக்கம் இல்லாததால “ஒன் பாய் கேம் யெஸ்டர்டே, ஹீ இஸ்…”னு துண்டு துண்டாப் பேசறோம். “ஹூ”வைப் பழகிட்டா பேச்சு தானா கோர்வையா வரும்.

இங்க ஒரு காற்புள்ளி பணத்தையே மாத்தும். பத்து சென்சார் வாங்கியிருக்கோம்னு வைங்க. “த சென்சார்ஸ் விச் ஃபெயில்டு வேர் ரீப்ளேஸ்டு”னு காற்புள்ளி இல்லாம எழுதினா, பழுதானதை மட்டும் மாத்தினோம்னு அர்த்தம். மூணா இருக்கலாம், நாலா இருக்கலாம். ‘விச் ஃபெயில்டு’க்கு முன்னும் பின்னும் காற்புள்ளி போட்டா, எல்லா சென்சாரும் பழுதாச்சு, எல்லாத்தையும் மாத்தினோம்னு அர்த்தம். பில் பத்து சென்சாருக்கு வரும்!

6. இன்டெஃபினிட்

குறிப்பா யார், எதுன்னு சொல்லாதது: எவ்ரிஒன், சம்ஒன், எனிபடி, நோபடி, ஈச், சம், ஆல், மெனி, ஃபியூ. ‘எல்லாரும் வந்திருக்காங்க’ நமக்குப் பன்மை. இங்கிலீஷ்ல “எவ்ரிஒன்” ஒருமை. “எவ்ரிஒன் ஹேஸ் கம்”, “ஈச் ஆஃப் த ஸ்டூடண்ட்ஸ் ஹேஸ் எ லேப்டாப்”. ‘ஒன்’, ‘பாடி’, ‘திங்’ல முடியறது எல்லாம் ஒருமைதான். மெனி, ஃபியூ, போத் பன்மை. சம், ஆல் ரெண்டும் பின்னால வர்றதைப் பொறுத்து மாறும்: “சம் ஆஃப் த வாட்டர் இஸ்”, “சம் ஆஃப் த வயர்ஸ் ஆர்”.

அப்போ “எவ்ரிஒன் ஷுட் பிரிங் ___ ஐ.டி. கார்டு”. கோடிட்ட இடத்துல ஹிஸ்ஸா, ஹெர்ரா? “தேர்” போடலாம். ஒருமைக்குத் “தே” வர்றது இப்போ வந்த ஃபேஷன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. 14-ஆம் நூற்றாண்டுலயே அந்தப் பழக்கம் இருந்திருக்கு. தன்னை ஆண்னோ பெண்ணோ குறிப்பிட விரும்பாதவங்களுக்கும் இப்போ “தே” வழங்குது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019-இன் சொல்லா தேர்ந்தெடுத்தது இந்தத் “தே”யைத்தான். அதே வருஷம் வந்த ஏ.பி.ஏ. நடைக் கையேட்டின் 7-ஆம் பதிப்பும் ஒருமைத் “தே”யை ஏத்துக்கிச்சு. ‘அவர்’னு பால் காட்டாத ஒரு சொல்லைத் தினமும் பேசற நமக்கு இது புரிய கஷ்டமே இல்ல.

7. ரெசிப்ரோக்கல்

ஈச் அதர், ஒன் அனதர். ‘ஒருத்தருக்கொருத்தர்’. “தே ஹெல்ப்டு ஈச் அதர்”னா அவன் இவனுக்கும், இவன் அவனுக்கும் உதவினான். “தே ஹெல்ப்டு தெம்செல்வ்ஸ்”னா அவங்கவங்க தனக்குத்தானே பாத்துக்கிட்டாங்க. டீம் வொர்க் பத்திப் பேசும்போது மாத்திச் சொல்லிடாதீங்க. அர்த்தம் நேர் எதிராப் போயிடும்.

மறுபடியும் அந்த “வீ”

இப்போ ஆரம்பத்துல விட்ட இடத்துக்கு வருவோம். தமிழ்ல ‘நாம்’ வேற, ‘நாங்கள்’ வேற. ‘நாம சாப்பிடப் போறோம்’னா கேட்கிற நீங்களும் உண்டு. ‘நாங்க சாப்பிடப் போறோம்’னா நீங்க கிடையாது. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் “வீ”தான். அந்தச் சொல்லுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு அது சொல்லாது. ரெண்டு பேரா, நாப்பது பேரா, பேசறவர் அதுல கை வெச்சாரா, எதுவும் தெரியாது.

இன்டர்வியூ எடுக்கிறவர் வேலைக்கு எடுக்கப்போறது டீமை இல்ல, உங்க ஒருத்தரை. அதனால “வீ”யை ஒரு தடவை சொல்லி டீமை அறிமுகப்படுத்துங்க: “வீ வேர் எ டீம் ஆஃப் ஃபோர்.” அப்புறம் பிரிச்சுச் சொல்லுங்க: “ஐ ரோட் த கோட். மை டீம்மேட்ஸ் பில்ட் த சர்க்யூட்.” செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்றது தற்பெருமை ஆகாது, அது தகவல். செய்யாததுக்கு “ஐ” போடறதுதான் தப்பு. செய்யாததை “வீ”க்குள்ள ஒளிச்சு வைக்கிறதும் கிட்டத்தட்ட அதே தப்புதான். இதை என்னை வெச்சே சொல்றேன்.

அந்த மாக் இன்டர்வியூ முடிஞ்ச சாயங்காலம் கேன்டீன்ல அவன்கிட்ட, “கோட் எழுதினது நீதானே, ஏன்டா சொல்லல?”ன்னு கேட்டேன். “நாம நாலு பேரும்தானே பிராஜெக்ட் பண்ணோம்”னான். அவன் ‘நாம’ன்னு சொன்னான். அதுல நானும் இருந்தேன். எனக்கு டீ இறங்கல. ஃபைனல் இயர் பிராஜெக்ட்ல ஒரு மாட்யூலை நானே எழுதித் தர்றேன்னு அன்னைக்கே அவன்கிட்ட சொன்னேன். எழுதியும் முடிச்சுட்டேன். அவன்தான் மூணு ராத்திரி உக்காந்து சொல்லிக்கொடுத்தான். இப்போ “ஐ ரோட் இட் மைசெல்ஃப்”னு சொன்னா அது எம்ஃபேட்டிக்கும் சரி, உண்மையும் சரி.

பயிற்சி

சரி பண்ணுங்க. விடை கீழ இருக்கு, முதல்ல பார்க்காதீங்க.

1. மைசெல்ஃப் பிரியா.
2. த ஹெச்.ஓ.டி. இன்வைட்டட் மை ஃபிரெண்ட் அண்ட் ஐ.
3. எவ்ரிபடி ஹேவ் சப்மிட்டட் த ரெக்கார்டு.
4. திஸ் லேப்டாப் இஸ் மை.
5. இஸ் வெரி ஹாட் டுடே.

விடைகள்: 1. ஐ ஆம் பிரியா. 2. மை ஃபிரெண்ட் அண்ட் மீ. 3. எவ்ரிபடி ஹேஸ். 4. மைன். 5. இட் இஸ் வெரி ஹாட் டுடே.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். உங்க பிராஜெக்ட் பத்திப் பத்து வரி இங்கிலீஷ்ல எழுதுங்க. ஒவ்வொரு “வீ”க்கும் கீழ ஒரு கோடு போட்டு, பக்கத்துல யார் யார்னு பேரை எழுதுங்க. உங்க பேர் எத்தனை இடத்துல வருதுன்னு எண்ணிப் பாருங்க. எண்ணிக்கை கம்மியா இருந்தா கவலைப்படாதீங்க, வைவாவுக்கு இன்னும் நாள் இருக்கு!